சீஸ் துண்டும் சில எண்களும்

ராமுவுக்கு,

விடுதியில் ரொட்டிக்கு நடுவே வைத்துத் தரும் சீஸ் துண்டை லைட்டர் சுடரில் காட்டினால் அது உருகி ஒழுகாமல் கருகிப் போகிறதென்றும், ஆகையால் அது பிளாஸ்டிக்கேயென்றும் கைப்பேசியில் எவரோ செய்து காட்டியதைக் கண்டு, உன் அறைத்தோழர்கள் சீஸையே துறந்துவிட்டதாக எழுதியிருந்தாய். அந்தப் பரீட்சை உண்மை. அதிலிருந்து அவர்கள் செய்துகொண்ட அநுமானந்தான் பொய்.

நன்கு முதிர்ந்த செடார் சீஸைத் துருவித் தோசைக்கல்லில் இட்டுப் பார்த்தால், சிறிது நேரத்திலேயே கொழுப்பு தனியே கசிந்து கல்லெங்கும் பரவ, எஞ்சிய புரதம் சுருங்கித் திரண்டு கட்டியாக நிற்பதைக் காண்பாய். பாலின் புரதமாகிய கேசீனை ஒன்றோடொன்று பிணைத்து வலையாக்கி வைத்திருப்பது கால்சியம். சூட்டில் அந்த வலை இறுகும்போது உள்ளே தங்கியிருந்த கொழுப்பும் நீரும் வெளியே பிதுக்கப்படுகின்றன. ஸ்விட்ஸர்லாந்தில் தூன் நகரத்தைச் சேர்ந்த வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்னும் இருவர், வெப்ப தேசங்களுக்கு அனுப்பும் எமென்டால் சீஸ் கெடாதிருக்க உபாயம் தேடியபோது, 1911-இல் அதனுடன் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்துக் காய்ச்சினார்கள். அந்த உப்பு கால்சியத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு அதன் ஸ்தானத்தில் சோடியத்தை அமர்த்த, பிணைப்புத் தளர்ந்த கேசீன் நீரில் விரிந்து, கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்து பற்றிக்கொண்டது. உங்கள் விடுதித் துண்டைப் போன்ற பதப்படுத்திய சீஸின் ரகசியம் முழுவதும் இவ்வளவே. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் தமது முறைக்குக் காப்புரிமை பெற்றுத் தகர டப்பாக்களில் அடைத்து, முதல் உலக யுத்தத்தில் போர் வீரர்களுக்கு விற்றுப் பெரும் செல்வந்தரானது வேறு கதை.

ஆகவே, லைட்டர் சுடரில் அத்துண்டு சொட்டாதிருப்பது, கொழுப்பும் நீரும் புரதமும் பிரியாதபடி கட்டுண்டிருப்பதால். மேற்புறம் கறுப்பது புரதம் கருகுவதாலும், லைட்டரின் எரிபொருள் அரைகுறையாக எரிந்து புகைக்கரியாகப் படிவதாலும் நேர்வது. பிளாஸ்டிக் என்பது அதன் மேல் சுற்றிய உறை மட்டுமே. அதை உரித்துவிட்டுத்தானே தின்கிறாய்!

இனி, உறையின் பின்புறத்தில் சேர்க்கைப் பொருள்களின் குறியீடாக அச்சிட்டிருக்க, நீ கண்டு மருண்ட எண்கள். 331 என்பது மேலே சொன்ன சிட்ரேட். எலுமிச்சையிலுள்ள அமிலத்தின் உப்பு. அந்தச் சிட்ரிக் அமிலம் நம் உடலின் உயிரணுக்களிலேயே ஓயாமல் உண்டாகி மாறிக்கொண்டிருப்பதை 1937-இல் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டறிந்து, பிற்பாடு நோபெல் பரிசும் பெற்றார். 200 என்பது பூஞ்சைக் காளானைத் தடுக்கும் சார்பிக் அமிலம். 234 என்பது நைசின். பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா ஒன்று சுரப்பது. காய்ச்சும் சூட்டிலும் சாகாமல் தப்பும் நுண்ணுயிர் வித்துக்கள் பின்னர் முளைக்காதபடி இது தடுக்கிறது. வயிற்றுக்குள் சென்றால் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடுகிறது. இவற்றை எண்ணி நீ உறக்கம் கெட வேண்டியதில்லை.

339, 452 என்னும் பாஸ்பேட்டுகளைப் பற்றி அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட மாட்டேன். உணவில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸைவிட, உப்பாகச் சேர்க்கும் பாஸ்பரஸ் குடலில் மிகுதியாக உறிஞ்சப்படுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று எல்லை வகுத்தபோது, சராசரி அளவு உண்ணும் சிறு குழந்தைகள்கூட அதைக் கடந்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தது. சிறுநீரகம் பழுதுற்றவர்கள் இந்தச் சீஸை விலக்குவதே உசிதம்.

எனினும், உன்னைப் போன்ற ஆரோக்கியமான வாலிபனுக்கு நான் காட்ட விரும்பும் விரோதி, அச்சுறுத்தும் எண் எதுவும் அல்ல, சாதாரணச் சோடியந்தான். செடாரில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியம் இருக்க, பதப்படுத்திய சீஸிலோ பெரும்பாலும் 1,200-க்கு மேலிருக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: சிட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் வரும் சோடியம் சமையலுப்பைப் போல் கரிப்பதில்லையாதலால், நாக்கு அதை அவ்வளவாக அறிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு விதித்த வரம்பு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம். 20 கிராம் துண்டுகள் இரண்டைத் தின்றால் அதில் கால்வாசி காலையிலேயே தீர்ந்துவிடும். பிறகு ஊறுகாயும் அப்பளமும் வரிசையில் நிற்கின்றன.

புரதமும் கால்சியமும் அதில் உண்டு என்பது மெய்யே. ஆனால் அவற்றுக்காகவே சீஸை நாடுவது வீண் செலவு. ஒரு தம்ளர் பாலிலோ தயிரிலோ அவை சோடியமும் கொழுப்பும் இவ்வளவு சேராமல் கிடைக்கும். ருசிக்காகத் தின்கிறேன் என்று நேராகச் சொல். அதை நான் ஆட்சேபிக்கவில்லை. வாரத்தில் இரண்டொரு நாள் ஒரு துண்டு போதும். பொருள்களின் பட்டியலில் தாவர எண்ணெய் என்று கண்டால் மட்டும் அது சீஸின் வேஷம் தரித்த வேறொரு பண்டம் என்று அறிந்து விலகு. பொட்டலத்தைப் பிரித்தபின் குளிர்பெட்டிக்கு வெளியே வைக்காதே.

உன் பாட்டிக்கு ரத்த அழுத்தம் இருப்பது நீ அறிந்ததே. விடுமுறைக்கு வரும்போது பிரியத்தால் அவளுக்குச் சோடியம் மிகுந்த இந்தச் சீஸ் பொட்டலத்தை வாங்கி வர வேண்டாம், பழம் வாங்கி வா. விடுதியில் தரும் சீஸின் உறையில் 100 கிராமுக்குச் சோடியம் எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ, அதைப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா