பந்தயக் காரின் எடை குறித்து ஒரு கடிதம்

அன்புள்ள அம்மணிக்கு,

சரவணம்பட்டியில் உங்கள் கல்லூரிப் பட்டறையில் நீயும் உன் தோழர்களும் கட்டிவருகிற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரின் வரைபடங்களைச் சிரத்தையுடன் பார்த்தேன். செட்டிபாளையத்தில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்குள் இன்னும் 15 கிலோவாவது குறைத்தாக வேண்டும் என்றும், அதற்காகப் பிராக்கெட்டுகளில் வரிசையாகத் துளையிட உத்தேசித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். டிரில்லிங் மெஷினைச் சற்று நிறுத்திவைத்துவிட்டு இதைப் படி.

ஒரு பாரம் வண்டிக்குள் எந்த இடத்தில் புகுந்து, எந்த வழியாகச் சென்று, எந்தச் சக்கரத்தின் மூலம் தரையை அடைகிறது என்பதை முதலில் நிச்சயித்துக்கொண்டு, அந்த வழியில் மட்டும் உலோகத்தை வைத்து, மற்ற இடங்களில் வைக்காமலே இருந்துவிடுவதுதான் எடையைக் குறைக்கும் வித்தை என்பது என் திடமான அபிப்பிராயம். 1952-ல், கனத்த செடான் கார் ஒன்றின் என்ஜினைக் கொண்டே பந்தயத்துக்கு வர வேண்டிய நிர்ப்பந்தம் மெர்சிடிஸ் நிறுவனத்தாருக்கு ஏற்பட்டபோது, ருடால்ஃப் ஊலன்ஹௌட் என்னும் பொறியாளர், மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து, ஒவ்வொரு குழாயும் இழுப்பையோ அமுக்கத்தையோ மட்டும் தாங்குமாறு, வளைக்கும் விசைக்குக் கூடியவரை இடமே கொடாமல், சுமார் 50 கிலோ எடையில் ஒரு சட்டகத்தை அமைத்தார். அந்தச் சட்டகம் உறுதியாய் நிற்பதற்குப் பக்கங்களில் உயரம் தேவைப்பட்டது. அதனால் வழக்கமான கதவுக்கு இடமில்லாமற் போகவே, கூரையில் கீல் வைத்து மேல்நோக்கித் திறக்கும் கதவு பிறந்தது. அந்த ஆண்டே அக்கார் லெ மான் பந்தயத்தில் வென்றது. இன்று ரசிகர்கள் பரவசத்தோடு பேசும் அந்தச் சிறகுக் கதவின் சௌந்தரியம் முழுவதும் குழாய்கள் போட்ட நிபந்தனையிலிருந்து வந்தது.

1967-ல் சாண்ட்வோர்ட்டில், தன் முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க்குக்கு வெற்றி தேடித்தந்த லோட்டஸ் 49-இல், லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சட்டகமே வைக்கவில்லை; என்ஜினே சட்டகமாகிப் பின்சக்கரங்களின் பாரத்தைச் சுமந்தது. போர்ஷ் நிறுவனத்தார் 917 காரின் கியர் நெம்புகோலுக்குப் பால்சா மரத்தால் குமிழ் செய்ததும், 1973-ஆம் ஆண்டுக் கரேரா ஆர்.எஸ். காரின் எடை குறைந்த ரகத்தில் கதவின் உட்பிடிக்குப் பதிலாக ஒரு பட்டையைப் பொருத்திக் கண்ணாடியையும் மெல்லியதாக்கியதும் உனக்குத் தெரிந்திருக்கும். குமிழில் மிச்சமாவது சில கிராம்தான். ஆயினும் குமிழ்வரை சென்று பார்த்த கண், பெரிய பாகங்களை ஒருபோதும் சும்மா விட்டிருக்காது.

தூரதேசத்து உதாரணங்கள் போதும். நம் கோயமுத்தூரில் எஸ். கரிவர்தன், விலையுயர்ந்த அயல்நாட்டு என்ஜின்களை நம்பாமல், 1980-களின் பிற்பகுதியில், வீதியில் ஓடிய மாருதி 800-இன் 796 சிசி என்ஜினையே எடுத்து ஃபார்முலா மாருதி காரைக் கட்டினார். ஏறத்தாழ 40 குதிரைத்திறனே தரும் மூன்று சிலிண்டர் என்ஜினை வைத்துக்கொண்டு ஒரு பந்தயக் காரைச் செய்ய வேண்டுமானால், மற்ற எல்லாவற்றையும் இலேசாக்குவதைத் தவிர வேறு மார்க்கமில்லை. 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்தக் கார்களில்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். உன் கார் ஓடப்போகும் களம் அவர் பெயரைத் தாங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்.

இனி உன் பிரேக் பெடலுக்கு வருகிறேன். பெடலின் பிராக்கெட்டை 5 மில்லிமீட்டர் தகட்டில் வரைந்து, அதை ஒரு குழாயின் நடுவில் வெல்ட் செய்திருக்கிறாய். பதறி மிதிக்கும் கால், 200 கிலோவுக்குச் சமமான விசையைப் பெடலில் இறக்கக்கூடும். போட்டி விதிகளும் 2,000 நியூட்டனைத் தாங்க வேண்டும் என்றே கேட்கின்றன. அந்த விசை குழாயின் நடுவில் இறங்கினால் குழாய் வளையும். அது வளையாதிருக்க நீ அடியில் இன்னொரு குழாயைக் கொடுத்திருக்கிறாய். பிராக்கெட்டை மூன்று குழாய்கள் கூடும் முடிச்சுக்கு நகர்த்து. தகடு 3 மில்லிமீட்டர் போதுமா என்று கணக்கிட்டுப் பார், போதும் என்றே நினைக்கிறேன். அடிக்குழாய்க்கு அவசியமே இராது. ஒரு துளையும் போடாமல் எவ்வளவு மிச்சம் பார்த்தாயா?

ஆனால் பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட் பூட்டப்படும் இடம் ஆகிய மூன்றிலும் கிராம் கணக்குப் பார்க்காதே. சாப்மன் தம் லோட்டஸ் 72-இல், சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும் எடையைக் குறைப்பதற்காக முன் பிரேக்குகளை வண்டியின் உடலுக்குள் கொண்டுவந்து, தண்டுகளால் சக்கரங்களோடு இணைத்தார்; சாமர்த்தியமான யோசனைதான். 1970 செப்டம்பரில் மோன்சாவில் அந்தக் காரை ஓட்டிய யோஹன் ரிண்ட் மாண்டபோது, அத்தகைய தண்டு ஒன்று முறிந்ததே விபத்தின் தொடக்கம் என்றும், ஒழுங்காகப் பொருத்தப்படாத தடுப்புவேலியே உயிரைக் குடித்தது என்றும் இத்தாலிய நீதிமன்றம் முடிவு கண்டது. அவருக்கு வயது 28. உன் காரை ஓட்டப்போகிறவன் உன் வகுப்புத் தோழன்.

பட்டறை மேஜையில் ஒரு தராசை வைத்து, போல்ட், வாஷர் உட்பட ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து நோட்டில் எழுது. நட்டுக்கு வெளியே அநாவசியமாக நீளும் போல்ட்டுகளை மாற்று. பெடல் பகுதியைத் திருத்தி வரைந்து அனுப்பினால், கணபதியில் எனக்குத் தெரிந்த வெல்டர் ஒருவரிடம் காட்டிக் கேட்டு, அடுத்த வாரமே பதில் எழுதுகிறேன்.