16 ஆண்டு அனுபவம் இருந்தும் பயிலரங்கில் இடம் கிடைக்காதது ஏன்?

கேள்வி: அரசு உதவி பெறும் கல்லூரியில் 16 ஆண்டுகளாக வரலாறு நடத்துகிறேன். முனைவர் பட்டம் உண்டு. 14 கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறேன். கல்லூரி ஆசிரியர்களுக்கான ஒரு வாரக் கல்வெட்டுப் பயிலரங்குக்கு விண்ணப்பித்தேன், இடம் தரவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் மூன்று ஆண்டுக்கு முன் சேர்ந்த ஒரு தம்பிக்குக் கிடைத்திருக்கிறது. அவர் பெயரில் ஒரு கட்டுரைகூட இல்லை. எதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்? சிபாரிசு இல்லாமல் நடக்காதா?
— வரலாற்றுத் துறை ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்: பலரும் மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற கேள்வியை நீங்கள் வெளிப்படையாகக் கேட்டுவிட்டீர்கள். சிபாரிசே கிடையாது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து பார்த்தவரையில், நல்ல விண்ணப்பங்கள் தள்ளப்படுவதற்கான காரணம் பெரும்பாலும் அதைவிடச் சாதாரணமானது.

முதலில் அனுபவமும் கட்டுரை எண்ணிக்கையும் இடம் வாங்கித் தரும் என்ற நினைப்பைப் பார்ப்போம். இது நமக்குப் பதவி உயர்வுக் கோப்பிலிருந்து வந்த பழக்கம். அங்கே எத்தனை ஆண்டு, எத்தனை கட்டுரை, எத்தனை சான்றிதழ் என்றுதான் கணக்கு. பல்கலைக்கழகங்களில் உள்ள மாளவியா பயிற்சி மையங்கள் (முன்பு அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்போமே, அவைதான்) நடத்தும் புத்தொளிப் பயிற்சியும் ஏறக்குறைய அந்த வழிதான். ரெஃப்ரெஷர் கோர்ஸ் என்று நாம் சொல்லும் அந்தப் பயிற்சிக்கு, தகுதி இருந்து இடமும் இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அது உங்கள் தேவைக்காக நடப்பது. கல்வெட்டு, ஓலைச்சுவடி, ஆவணக் காப்பகம் என்று ஒரே பொருளில் கைவேலையோடு நடக்கும் பயிலரங்கு அப்படியல்ல. அங்கே நடத்துபவருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. அதற்கு யார் உதவுவார் என்றுதான் தேடுவார்.

இடம் ஏன் அவ்வளவு குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்வெட்டுப் பயிலரங்கின் உயிர் மைப்படி. எழுத்துள்ள கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை அமுக்கி, மேலே மையை ஒற்றி எடுக்கும் படிதான் அது. மை மேட்டில் மட்டும் ஏறுவதால், கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாகத் தெரியும். அப்படி ஒரு தாளை மேசையில் விரித்தால் சுற்றி நின்று படிக்க நாலைந்து பேருக்குத்தான் வசதி. ஆறாவது ஆள் முன்னால் நிற்பவரின் தோளைத்தான் படிக்க வேண்டும். கோயில் சுவரில் தாளை அடிக்கப் பழகுவதென்றால் இன்னும் நெருக்கடி. இருநூறு பேரை உட்காரவைக்கும் அரங்கம் இருந்தாலும் இருபத்தைந்தோ முப்பதோ பேரோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

சரி, இருக்கும் சில இடங்களுக்கு ஆளை எப்படிப் பிரிப்பது? பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த சோழர் காலக் குடவோலை முறையை வகுப்பில் நடத்துவீர்களே, அதையே நினைத்துப் பாருங்கள். ஓலையைக் குடத்தில் போடுவதற்கு முன்பே தகுதி பார்த்தாயிற்று. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் குழுவில், இருந்தவருக்கு ஓலையே கிடையாது. பயிலரங்கிலும் முதல் வடிகட்டல் அப்படித்தான். ஏற்கெனவே இதே போன்ற பயிலரங்குக்குப் போய்வந்தவர், அந்தத் துறையில் கைதேர்ந்தவர், துறை வேறானவர் எல்லாரும் முதலிலேயே ஒதுங்கிவிடுவார்கள். உங்கள் 14 கட்டுரைகளில் பாதி கல்வெட்டு பற்றியவை என்றால், ‘இவருக்கு அடிப்படைப் பயிற்சி எதற்கு, பாடம் எடுக்கவே கூப்பிடலாமே’ என்று குழுவில் ஒருவர் சொல்லியிருக்கவும் கூடும். மனம் வருந்த வேண்டாம், அது ஒரு வகைப் பாராட்டு!

அதன் பிறகு குடமும் இல்லை, ஓலை எடுக்கும் சிறுவனும் இல்லை. மீதமிருப்பவர்களைப் பிரித்துக் காட்டுவது நோக்கக் குறிப்பு ஒன்றுதான். ‘இப்பயிலரங்கில் ஏன் கலந்துகொள்ள விரும்புகிறீர்கள்’ என்று கேட்டு அரைப் பக்கம் விட்டிருப்பார்களே, அது. பெரும்பாலோர் அந்த இடத்தில் ‘சிறு வயது முதலே எனக்கு வரலாற்றில் தீராத ஆர்வம்’ என்று தொடங்குவார்கள். அடுக்கில் அடுத்த விண்ணப்பமும் அப்படியே தொடங்கும். நாலாவதைப் படிக்கும்போது நமக்குத் தேநீர் ஞாபகம் வந்துவிடும். இன்னும் சிலர் பயோடேட்டாவில் உள்ள கட்டுரைப் பட்டியலையே இங்கும் எழுதிவைப்பார்கள்.

அந்தத் தம்பி என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்த மாதிரிக் குறிப்பு எங்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் என்று சொல்ல முடியும். உத்திரமேரூரையே எடுத்துக்கொள்வோம். அங்கே முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் 919இல் ஒரு முறையும் 921இல் ஒரு முறையும் வெட்டப்பட்டுள்ளன. முதல் கல்வெட்டில் உறுப்பினர் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். பாடநூல்களில் பொதுவாக இரண்டாவது கணக்கு மட்டும் வரும். ஓர் ஆசிரியர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘இரண்டே ஆண்டில் விதியை ஏன் மாற்றினார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். அச்சிட்ட பாடத்தை எடுத்துப் பார்த்தேன். கல்வெட்டு நடை பிடிபடவில்லை. அடுத்த பருவத்தில் சோழர் ஆட்சிமுறைத் தாளுக்கு இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து நடத்த வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சி.’ இதில் ஒரு கேள்வி இருக்கிறது, தெரியாதது எது என்பது தெளிவாக இருக்கிறது, திரும்பிப் போனதும் எந்த வகுப்பில் பயன்படுத்துவார் என்பதும் இருக்கிறது. எனக்குக் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பயிலரங்குக்குப் பணம் செலவழிப்பவர்கள் ஒரு ஆசிரியரை மட்டும் பார்ப்பதில்லை, அவர் முன்னால் உட்காரப்போகும் மாணவர்களையும் சேர்த்தே பார்க்கிறார்கள். இளையவர் என்றால் முன்னால் இன்னும் பல ஆண்டு வகுப்புகள் உண்டு என்பதும் கணக்கில் வரும். நியாயமா என்றால், முழு நியாயம் என்று சொல்லமாட்டேன்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயிலில் கல்வெட்டு இருந்தால் அதையே எழுதுங்கள். அதன் பாடம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் இருக்கிறதா என்று பாருங்கள். 1890இல் ஹுல்ஷ் பதிப்பித்ததில் தொடங்கி நடுவணரசின் தொல்லியல் துறை வெளியிட்டு வரும் வரிசை அது. இருந்தால் தொகுதி எண்ணையும் கல்வெட்டு எண்ணையும் குறிப்பிட்டு, எந்த வரியில் தடுக்கி நின்றீர்கள் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி 14 தலைப்புகளைவிட நன்றாகப் பேசும்.

இனி அலுவலகச் சங்கதி. விண்ணப்பம் முதல்வர் வழியாக, தடையின்மைச் சான்றோடு வர வேண்டும். அந்த வாரம் உங்களை ஓ.டி.யில், அதாவது பணியில் இருப்பதாகவே கணக்கிட்டு, விடுவிக்கச் சம்மதம் என்ற கடிதம் அது. ‘பின்னர் அனுப்புகிறேன்’ என்று எழுதுபவரைக் குழு நம்பாது. விடைத்தாள் திருத்தும் பணி வந்து பாதியில் கிளம்பிவிட்டால் அந்த இடம் வீண்தானே. பதவி உயர்வுக்கும் உதவ வேண்டுமானால் நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் பத்தாம் நிலையிலிருந்து பதினொன்றுக்குப் போகக் காட்டும் பயிலரங்கு ஐந்து நாளாவது நடந்திருக்க வேண்டும். அடுத்த நிலைக்குப் பத்து நாள். மூன்று நாள் பயிலரங்கில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கலாம், கோப்பில் மட்டும் அது ஏறாது.