நாயின் மூட்டுநோயும் அதன் பரிகாரமும்

‘வாயில்லாப் பிராணி’ என்னும் வழக்கு நாயினிடத்து முற்றும் பொருந்துவதன்று. குரைத்தும் முனகியும் தன் குறிப்பைப் புலப்படுத்த அது வல்லது. ஆயினும் மூட்டுத் தேய்வு என்னும் நோயின்கண் அது பெரும்பாலும் வாய்திறவாமல் வருந்துகின்றது. காட்டூரில் தஞ்சைச் சாலையை அடுத்த தெருக்களிலும், விடியற்காலையில் எழமாட்டாது எழுந்து, சில அடி விறைப்புடன் நடந்து, பின்னர் ஒருவாறு இயல்பாகச் செல்லும் நாய்களைக் காணலாம். ‘கிழடு தட்டிவிட்டது’ என்று சொல்லி நாம் அகலுகின்றோம். முதுமை வேறு, நோய் வேறு என்பதை ஈண்டு விளக்குவாம்.

மூட்டில் எலும்பின் நுனியை வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்துள்ளது. அதில் நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. ஆதலின் அது சிதையத் தொடங்குங்கால் நோவு தோன்றுவதில்லை. சிதைந்தபின் எளிதிற் புதுப்பிக்கப்படுவதுமில்லை. சிதைவால் மூட்டின் உட்சவ்வு அழற்சியுறும். அங்குச் சுரக்கும் இரசாயனப் பொருள்கள் சுற்றியுள்ள நரம்புகளைக் கூர்மையாக்கும். நோவு நீடிப்பின் முதுகுத்தண்டின் நரம்புகளும் கூர்மையுற்று, சிறு தாக்குதலையும் பெருநோவாக உணர்த்தும். நோவினால் நாய் நடவாது. நடவாமையால் தசை மெலியும். தசை மெலியவே மூட்டின் சுமை மிகும்.

இந்நோய் நாய்களுக்குப் பெரும்பாலும் வேறொரு குறையைப் பற்றியே வருகின்றது. தொடைமூட்டின் குழி ஆழமின்றி அமைதல், முழங்காலின் உட்கட்டு அறுதல், வண்டி மோதி எலும்பு முறிதல் என்பன அக்குறைகள். உடற்பருமன் இவற்றை மிகுவிக்கும். அமெரிக்காவில் 48 லாபிரடார் நாய்களை இணையிணையாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மற்றதினும் கால் பங்கு குறைத்து உணவளித்து, ஆயுள் முழுதும் ஆராய்ந்தனர். 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, குறைவாக உண்டவை ஏறக்குறைய 1.8 ஆண்டு மிகுதியாக வாழ்ந்தன. மூட்டுநோயும் அவற்றைக் காலந்தாழ்த்தே பற்றியது. அன்பினால் மிகுதியாக ஊட்டுவோர் இதனைக் கருதுவாராக.

நோய் முற்றும் தீர்வதன்று, நோவோ தணிக்கத்தக்கது. உடல் எடையைக் குறைத்தல், நாள்தோறும் சிறிது சிறிதாக மெல்ல நடத்துதல், வழுக்கும் தரையிற் சாக்கு விரித்தல், மெத்தென்ற படுக்கை அமைத்தல் ஆகியவை எவரும் செய்யத்தக்கன. மருந்துகளுள் மெலாக்சிகாம், கார்ப்ரோபென் முதலியவற்றை உடல்நிலை ஆராய்ந்து அளவறிந்து கொடுத்தல் கால்நடை மருத்துவர் கடன். நாம் உண்ணும் ஐபுபுரோபென், டைக்ளோபினாக் மாத்திரைகளை இரக்கத்தால் நாய்க்கு இடுதல் பெருந்தீங்காம். அவை இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் போக்கும்.

கால்நடை மருத்துவம் நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தோன்றியது. தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டிலும் 2012-இல் ஒரு கல்லூரி நிறுவப்பட்டது. எனினும் மருத்துவர் அறியுமுன் வீட்டார் அறிதல் வேண்டும். படி ஏறத் தயங்குதல், ஒரு மூட்டையே ஓயாது நக்குதல், தொட்டால் சீறுதல், விளையாட்டை வெறுத்தல் ஆகியவையே நாயின் முறையீடு. அதனை முதுமை என்று தள்ளாது நோவென்று உணர்தலே பரிகாரத்தின் முதற்படியாம்.