வாசல் முதல் வாசல் வரை

சென்னையிலிருந்து கோவைக்கு வானூர்தி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பறந்துவிடுகிறது. 2023 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட வந்தே பாரத் தொடர்வண்டி, ஏறத்தாழ 495 கி.மீ. தொலைவைக் கடக்க ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஐந்து மணி நேரம் மிச்சம் என்று தோன்றும்.

ஆனால், பயணம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. அபிராமபுரத்திலிருந்து மீனம்பாக்கம் செல்ல முக்கால் மணி நேரமாவது ஆகும். மழைநாளில் கிண்டியைக் கடப்பதே பெரும்பாடு! உடைமைகளைப் பதிவுசெய்யும் முகப்புகள் புறப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படுவதால், இரண்டு மணி நேரம் முன்னதாகச் சென்றுவிடுவதே வழக்கம். இறங்கிய பின்னர் உடைமைகளுக்கான காத்திருப்பும், பீளமேட்டிலிருந்து நகருக்குள் செல்லும் பயணமும் உள்ளன. கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரம் ஆகிவிடுகிறது. தொடர்வண்டிக்கோ, மந்தைவெளியில் பறக்கும் ரயிலேறிப் பூங்கா நகரில் இறங்கினால் அருகிலேயே சென்ட்ரல் நிலையம். கோவை நிலையமும் நகரின் நடுவிலேயே அமைந்துள்ளது. எல்லாம் சேர்ந்து ஏழு மணி நேரம்.

ஆக, உண்மையான மிச்சம் இரண்டு மணி நேரமே. அதற்காக ஒரு பயணியின் பொருட்டு வெளியேறும் கரியமில வாயுவோ பன்மடங்கு மிகுதி; பயணச்சீட்டின் விலையில் இக்கணக்குத் தெரிவதில்லை. எனினும், கோவை மருத்துவமனையில் தந்தை உயிருக்குப் போராடும் செய்தி கேட்டுப் புறப்படும் மகளிடம் இக்கணக்கைக் கூற இயலாது. அவளுக்கு அந்த இரண்டு மணி நேரம் வேண்டும்.