எல்லைக்கோடு தெரிந்த லாரிகள்

அன்புள்ள தம்பி,

சட்டம் இருக்கிறது, அதிகாரி இருக்கிறார், அபராதமும் இருக்கிறது. அப்புறமும் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டட இடிபாட்டு ரப்பிஷ் எப்படிக் குவிகிறது என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. வடசென்னையின் வரைபடத்தை விரித்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு டிப்பர் லாரி போகிறது என்று வைத்துக்கொள். தெருவும் அதன் குப்பைத்தொட்டியும் மாநகராட்சியுடையவை. கண்டெய்னர் லாரிகள் ஓடும் பெருஞ்சாலையின் ஓரம் நெடுஞ்சாலைக்காரர்களுடையது. கால்வாய்க் கரை நீர்வளத்துறைக்கு, தண்டவாளத்தை ஒட்டிய காலி மனை ரயில்வேக்கு, மதில் சுற்றிய நிலம் துறைமுகத்துக்கு. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி மூன்றும் 2011 வரை தனித்தனி நகராட்சிகளாக இருந்து, பிறகு சென்னை மாநகராட்சியில் சேர்ந்தவை. கொசஸ்தலை ஆற்றைத் தாண்டினால் அத்திப்பட்டும் மீஞ்சூரும் திருவள்ளூர் மாவட்டம். எண்ணூர் காவல் நிலையமோ 2022இல் உருவான ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை எல்லைகள். எந்த இடத்தில் லோடை இறக்கினால் யாரும் ‘இது எங்கள் பொறுப்பு’ என்று ஓடிவர மாட்டார்கள் என்பது லாரிக்காரருக்குத் துல்லியமாகத் தெரியும். அதிகாரிகளுக்குத்தான் அவரவர் எல்லை மட்டும் தெரிகிறது.

கட்டடக் கழிவைப் பொது இடத்தில் கொட்டினால் டன்னுக்கு 2,000 ரூபாயாக இருந்த அபராதத்தை மாநகராட்சி 2024இல் 5,000 ரூபாயாக உயர்த்தியது. கொடுங்கையூரிலேயே நாளொன்றுக்கு 400 டன் இடிபாட்டைப் பிரித்து அரைத்து மறுபடி பயன்படுத்தக்கூடியதாக மாற்றும் ஆலையும் உண்டு. ஆனால், அபராதம் கடுமையாகும்போது வண்டி நின்றுவிடுவதில்லை. கண்காணிப்பில்லாத அடுத்த எல்லைக்கு நகர்கிறது. ஒரு அமைப்பு மட்டும் விழித்திருந்தால் பக்கத்து அமைப்பின் நிலத்தில் மேடு உயரும்.

எல்லை தாண்டிய குப்பையை வந்த வழியே திருப்பி அனுப்ப முடியுமா? முடியும் என்று திருநெல்வேலி காட்டியது. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் மருத்துவக் கழிவு கொட்டப்பட்டிருந்தது. குவியலைக் கிளறியபோது திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் பெயர் அச்சிட்ட தாள்கள் அதிலேயே கிடைத்தன. தமிழகக் காவல்துறை வழக்குப் பதிந்து ஆட்களைக் கைது செய்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாள் கெடு விதித்தது. டிசம்பர் 22ஆம் தேதி கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து, இங்குள்ள அதிகாரிகள் உடனிருக்க, கழிவை அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த ஏப்ரலில், மருத்துவக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டுவோர் மீது குண்டர் சட்டம் பாய வழிசெய்யும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

இதில் நீ கவனிக்க வேண்டியது தண்டனையை அல்ல, தடயத்தை. கழிவு எங்கே கிடந்தது என்பதோடு விசாரணை நிற்கவில்லை. யாரிடமிருந்து புறப்பட்டது என்று பின்னோக்கிப் போனது. இரண்டு மாநில அரசுகளைத் தீர்ப்பாயம் ஒரு வேலைக்கு உட்கார வைத்தது.

எண்ணூரில் அப்படியான கூட்டுமுயற்சி வெகு தாமதமாகவே வந்திருக்கிறது. அனல்மின் நிலையத்தின் சாம்பல் கரைசல் குழாய்களில் கசிந்து பல ஆண்டுகளாகக் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. காட்டுக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் விடாமல் முறையிட்டார்கள். கழிமுகத்தைச் சீரமைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது 2022 ஜூலையில்தான். அடுத்த ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே முகத்துவாரம் வரை பரவியது. துறைகள் ஒருங்கிணைந்து இறங்குவதற்குள் வலையும் படகும் அலையாத்தி வேரும் கறுத்துவிட்டன. மீனவர்கள் வாளியால் எண்ணெய் அள்ளிய படங்களை நீயும் பார்த்திருப்பாய். அந்தக் கையாலாகாத நிலை இன்னொரு முறை வரக்கூடாது.

அப்படியானால் துறைகள் எங்கிருந்து தொடங்கலாம்? கழிவு பிறக்கும் இடத்திலிருந்து. நாளொன்றுக்கு 20 டன்னோ, ஒரு திட்டத்துக்கு மாதம் 300 டன்னோ தாண்டி இடிபாடு உண்டாக்குவோர் அதை எப்படி அப்புறப்படுத்துவார்கள் என்று முன்னதாகவே திட்டம் தர வேண்டும் என்றது 2016ஆம் ஆண்டின் கட்டடக் கழிவு விதி. பழைய கட்டடத்தை இடிக்க அனுமதி கொடுக்கும் அதே மேசையில், எந்த வண்டி, எந்த ஆலை என்று எழுதி வாங்கி, ஆலையின் ரசீது வந்த பிறகே அடுத்த அனுமதி என்று வைத்தால் போதும். மருத்துவக் கழிவுப் பைகளுக்கு ஏற்கெனவே பார்கோடு கட்டாயம். அதைச் சோதிக்கும் பழக்கம்தான் வலுப்பட வேண்டும். பிடிபட்ட வண்டியின் எண்ணை மாநகராட்சி, சென்னை, ஆவடி காவல் ஆணையரகங்கள், துறைமுகங்கள், மீஞ்சூர் உள்ளாட்சி எல்லாரும் ஒரே பட்டியலில் பார்க்க முடிந்தால், திருவொற்றியூரில் மாட்டியவர் அத்திப்பட்டில் புதியவர் போல நடமாட முடியாது.

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபர்ட்ஷயரின் பத்து உள்ளாட்சி மன்றங்களும் காவல்துறையும் சுற்றுச்சூழல் முகமையும் கள்ளத்தனமாகக் கழிவு கொட்டுவதைத் தடுக்க ஒரே குழுவாக இயங்குகின்றன. அந்நாட்டில் பதிவில்லாத வண்டிக்காரரிடம் வீட்டுக் கழிவைக் கொடுத்தவருக்கும் அபராதம் உண்டு. குறைந்த கூலிக்கு யாரோ அள்ளிப் போனார்கள், எங்கே கொட்டினார்கள் என்று தெரியாது என்ற பேச்சு அங்கே எடுபடாது. நமக்கும் அது வேண்டும்.

‘நம்ம ஊரில் இத்தனை துறைகள் ஒன்று சேருமா’ என்று நீ சலித்துக்கொள்ளலாம். சேர்ந்திருக்கின்றன, தம்பி. கண்டெய்னர் லாரிகள் நாள்கணக்கில் தேங்கியபோது, எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுக்காகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தமிழக அரசு, சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம் நான்கும் பணம் போட்டு ஒரே நிறுவனமாக இயங்கின. சரக்குக்காகக் கூடியவர்களால் ஆற்றுக்காகவும் கூட முடியும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே, மாவட்ட ஆட்சியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உள்ளாட்சிகளின் வேலையை ஆராய வேண்டும் என்றன. சென்னை, திருவள்ளூர் ஆட்சியர்கள் இருவரும் அப்படியொரு ஆய்வுக் கூட்டத்தை எண்ணூரில் சேர்ந்து நடத்தட்டும். மீனவப் பஞ்சாயத்தாருக்கும் அதில் நாற்காலி போடட்டும்.

உன் பங்குக்கு ஒன்று செய். ரப்பிஷ் குவியலைக் கண்டால் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 1913க்குச் சொல். வண்டி கண்ணில் பட்டால் அதன் எண்ணையும் சேர். வண்டியை நீயே மறிக்கப் போகாதே. ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்று பதில் வந்தால், யார் எல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்கு. அந்தத் தாளோடு உங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போ.

அன்புடன்,
உன் அண்ணன்