மெயில் பெட்டி நிரம்பிவிட்டதா?

மகளின் டிஎன்பிஎஸ்சி பதிவு, அப்பாவின் பென்ஷன் கணக்கு, நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட் என எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே ஜிமெயில்தானா? இலவச இடம் 15 ஜிபி. அது நிரம்பினால் புதிய மெயில் உள்ளே வராது. அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

1. அழிக்க உட்காரும் முன் சான்றிதழ்களை ஒதுக்குங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோர வீடுகளில் மார்க் ஷீட்டும் பத்திரமும் ரேஷன் கார்டும் ஊறிப்போயின. நகல் சான்றிதழ் கொடுக்க அரசு சிறப்பு முகாமே நடத்தியது. அந்த மாதிரி நேரத்தில், என்றோ ஸ்கேன் செய்து யாருக்கோ அனுப்பிய மெயில்தான் பத்திர எண்ணையும் பதிவு எண்ணையும் எடுத்துக் கொடுக்கும். அதனால் 'சென்ட்' பகுதியையும் விடாமல் தேடுங்கள். கிடைத்தவற்றுக்குத் தனி லேபிள் போட்டு, பென் டிரைவில் ஒரு நகலும் வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு நகலும் வையுங்கள்.

2. அந்த 15 ஜிபியில் கூகுள் போட்டோஸுக்கும் டிரைவுக்கும் பங்கு உண்டு. 2021 ஜூன் முதல் ஏற்றிய படங்கள் எல்லாமே கணக்கில் சேரும். ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அங்கேதான் போகிறது. பேக்கப்பில் வீடியோ வேண்டாம் என்று மாற்றினாலே பல வீடுகளில் பாரம் நன்றாகக் குறையும்.

3. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பெட்டியின் ஓரத்து அடையாளத்தைத் தட்டினால் அளவைச் சொல்லித் தேடலாம். 10 எம்பிக்கு மேற்பட்டவற்றில் தொடங்குங்கள்.

4. கடை விளம்பரங்களை ஒவ்வொன்றாக அழித்து மாளாது. கடையின் பெயரைத் தேடி மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். அப்படியே 'அன்சப்ஸ்கிரைப்' கொடுங்கள். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பியதில் எந்த இணைப்பையும் தொடாமல் 'ஸ்பாம்' என்று மட்டும் குறியுங்கள்.

5. அழித்தவை 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், இடத்தையும் பிடித்திருக்கும். ஒருமுறை கண்ணோட்டம் விட்டுக் காலி செய்யுங்கள்.

6. கார் பருவத்துக்குப் பாபநாசம் அணை திறக்கும் முன் பாளையங்கால்வாயைத் தூர்வாருவதுபோல மெயில் பெட்டியைச் சுத்தம் செய்யவும் ஆண்டுக்கொரு நாள் வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் முடிந்த கையோடு செய்வது வசதி. எந்த ரசீது வேண்டும், எது வேண்டாம் என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.

7. தேர்வு எழுதும் பிள்ளைக்குத் தனி மெயில் தொடங்கிக் கொடுங்கள். பழைய கணக்கையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். 2 ஆண்டு தொடாமல் கிடந்தால், கூகுள் அதை நீக்கிவிடலாம்.