சாய்ந்தும் விழாத மாளிகை

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், அகழி சூழ்ந்த நிலத்தில் நிற்கிறது லிட்டில் மோர்டன் மாளிகை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோர்டன் குடும்பத்தார் இதைக் கட்டத் தொடங்கினர். ஓக் மரச் சட்டங்களே இதன் எலும்புக்கூடு; சட்டங்களுக்கு இடையே சாந்து பூசிய சுவர்கள் உள்ளன. பழங்கட்டடங்களில் தச்சரின் பெயர் நிலைப்பது அரிது. இங்கோ, முற்றத்துச் சாளரங்களின் மேல் ரிச்சர்ட் டேல் என்னும் தச்சரின் பெயர் 1559ஆம் ஆண்டுடன் பொறிக்கப்பட்டுள்ளது.

பின்னர், மாளிகையின் ஒரு பகுதிக்கு மேலே நீண்ட கூடம் ஒன்றை எழுப்பினர். மழை நாளில் வீட்டார் உலாவுவதற்கான இடம் அது. அதன் கூரையில் வேய்ந்த கற்பலகைகளின் பாரம் கீழ்த்தளங்களை அழுத்தியது. தரை அலைபோல் நெளிந்தது; சுவர்கள் சாய்ந்தன. ஆயினும் மாளிகை விழவில்லை. மர முளைகளால் பூட்டிய சட்டங்கள் முறியாமல் வளைந்து கொடுத்தன. பிற்காலத்தில் எஃகுக் கம்பிகளாலும் வலுவூட்டினர்.

உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற மோர்டன் குடும்பம் செல்வத்தை இழந்தது. மாளிகை குத்தகை உழவர்களின் இருப்பிடமாயிற்று. இடித்துப் புதிதாகக் கட்டப் பொருளில்லாத அந்த வறுமையே பழைய உருவைக் காத்தது எனலாம். 1938இல் தேசிய அறக்கட்டளை இதனை ஏற்றது. இன்று அங்குள்ள முடிச்சு வடிவத் தோட்டம் மட்டும் பழையதன்று. 20ஆம் நூற்றாண்டில் பண்டைய முறையைத் தழுவி அமைத்தது.